தம்பியை சவுண்ட் இன்ஜினியரிங் டிப்ளமோவில் சேர்க்கலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தம்பி பிளஸ் டூ முடித்திருக்கிறார். கடலூர் முதுநகரில் சர்ச் பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வாசிக்கிறார், வீட்டு லேப்டாப்பில் பாட்டுக்குப் பின்னணி இசை, அதாவது டிராக், போடுகிறார். சென்னையில் ஒரு தனியார் நிறுவனம் சவுண்ட் இன்ஜினியரிங்கும் மியூசிக் புரொடக்‌ஷனும் சேர்ந்த ஓராண்டு டிப்ளமோவுக்கு 4 லட்சம் கேட்கிறது. முழுக்கச் செய்முறைப் பயிற்சி, வேலை நிச்சயம் என்கிறார்கள். அப்பா நகையை அடகு வைத்தாவது கட்டிவிடலாம் என்கிறார். சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் கடைசியில் எழுதிய வரிதான் உண்மையான கேள்வி என்று நினைக்கிறேன்: இவ்வளவு செலவழித்தால் அவர் சொந்தக் காலில் நிற்பாரா, இல்லை கடன் மட்டும்தான் மிஞ்சுமா? எந்த நிறுவனம் நல்லது என்பது அதற்கப்புறம் வருகிற கேள்வி.

நான் சென்னையில் ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் உதவியாளராகத் தொடங்கியவன். பிறகு புதுச்சேரிக்கு வந்து மேடை ஒலியமைப்பும் சின்ன அளவில் ஒலிப்பதிவும் செய்துவருகிறேன். கடலூர், விழுப்புரம் பக்கத்துப் பிள்ளைகள் பலரை வேலைக்கு எடுத்துப் பழக்கியிருக்கிறேன். அதனால் மேடையையும் சிறிய ஸ்டுடியோவையும் பற்றி உறுதியாகப் பேசுவேன். பெரிய படங்களின் மிக்சிங் அறை என் அன்றாட இடமில்லை; அங்கே நடப்பதைப் பற்றி நான் சொல்வது பெரும்பாலும் கூட வேலை பார்த்த நண்பர்கள் வழியாக வந்தது. என் பதிலைச் சுருக்கமாகச் சொன்னால், இந்த ஆண்டு அந்த 4 லட்சத்தைக் கட்ட வேண்டாம். ஒரு வருடம் இங்கேயே வேலையில் கை வைக்கட்டும். அந்த வருடம் முடியும்போது எதற்குப் பணம் கட்ட வேண்டும் என்று அவருக்கே தெரிந்திருக்கும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைத்தான் கீழே எழுதுகிறேன்.

மேடை ஒலி, தனியார் ஸ்டுடியோ, சினிமா ஆகிய இடங்களில் ஆள் எடுக்கும்போது சான்றிதழை வைத்து முடிவு செய்வதில்லை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என்னிடம் ஒரு பையன் வந்து நின்றால் யாரிடம் வேலை பார்த்தாய், எந்த மிக்சர் (மைக், கருவிகளின் ஒலியைக் கலக்கும் பலகை) ஓட்டியிருக்கிறாய் என்று கேட்பேன். அப்புறம் ஒரு நீளமான மைக் கேபிளைக் கொடுத்துச் சுற்றச் சொல்வேன். முழங்கையில் போட்டு முறுக்கிச் சுற்றுகிறவரையும், முறுக்கு ஏறாமல் வளையங்களை மாற்றி மாற்றிப் போட்டுச் சுற்றுகிறவரையும் பார்த்த உடனே, யார் நல்ல ஆளிடம் பழகியவர் என்று தெரிந்துவிடும். பட்டமும் சான்றிதழும் கட்டாயமாகத் தேவைப்படும் இடங்கள் வேறு. அரசுப் பணியிடங்கள், பள்ளி கல்லூரிகளில் இசை ஆசிரியர் வேலை, வெளிநாட்டு மேல்படிப்பு போன்றவை அவை. அவற்றுக்கும் ஓராண்டுத் தனியார் டிப்ளமோ பெரிதாக உதவாது; முறையான பட்டம்தான் வேண்டும்.

இன்னொன்று, இசைத்துறையில் வேலை என்றால் வீட்டில் எல்லோருக்கும் பாடகரும் இசையமைப்பாளரும்தான் நினைவுக்கு வருவார்கள். உள்ளே வந்து பார்த்தால் கீபோர்டு புரோகிராமர், ரிதம் பேடு வாசிப்பவர், டிராக் பாடுபவர், குரல் எடிட் செய்பவர், மிக்சிங் செய்பவர், மேடையில் மானிட்டர் (பாடகருக்கே தன் குரல் கேட்க வைக்கும் ஸ்பீக்கர்) பார்ப்பவர், டப்பிங் பதிவு செய்பவர், ஆம்ப் (ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கருக்குத் தரும் கருவி) பழுது பார்ப்பவர், கச்சேரி பேசி முடித்துக் கொடுப்பவர் என்று எத்தனையோ பேர் பிழைக்கிறார்கள். பதினேழு, பதினெட்டு வயதில் தனக்கு எது ஒத்துவரும் என்று யாருக்கும் தெரியாது. லேப்டாப்பில் டிராக் போடும் ஆசையோடு வந்த பிள்ளைகள் மேடையில் மானிட்டர் பார்ப்பதில் ஊன்றிவிட்டதை நிறையப் பார்த்திருக்கிறேன். மேடைக்கு வந்த மூன்றாம் நாளே இந்த இரைச்சல் எனக்கு ஆகாது என்று ஸ்டுடியோவைத் தேடிப் போனவர்களும் உண்டு. இரண்டில் எது என்று தெரியாமல் 4 லட்சம் கட்டுவதில்தான் ஆபத்து இருக்கிறது.

செய்முறைப் பயிற்சி என்று நான் எதைச் சொல்கிறேன் என்பதை ஒரு கச்சேரியை வைத்தே விளக்குகிறேன். ஆடி மாதம், கடலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் அம்மன் கோயில் திருவிழா, இரவு லைட் மியூசிக் என்று வைத்துக்கொள்ளுங்கள். மதியமே வண்டி போய்விடும். பெட்டியை இறக்கும் முன் பார்க்க வேண்டியது கரண்ட். கோயில் மீட்டரிலிருந்து லைன் வருகிறதா, ஜெனரேட்டரா, எர்த் இருக்கிறதா, நியூட்ரல் இறுக்கமாக இருக்கிறதா என்று மல்டிமீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு ஃபேசுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட் இருக்கும். மூன்று ஃபேஸ் இணைப்பில் நியூட்ரல் கழன்றுவிட்டால் 400 வோல்ட் வரைகூட ஏறி, மிக்சரும் கீபோர்டும் ஒரு நொடியில் எரிந்துவிடும். அதேபோல, ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வருகிறதென்று பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடும் பழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. கிட்டார் கம்பியில் கையும் மைக்கில் உதடும் படுகிற பாடகருக்கு அது உயிரோடு விளையாடும் விஷயம். இரைச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் இரண்டு வெவ்வேறு இடத்து எர்த் சேர்ந்துகொள்வது; மேடைக்கும் மிக்சருக்கும் ஒரே இடத்திலிருந்து கரண்ட் எடுத்தாலே பாதி தீரும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழுந்து கரண்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு சுவிட்ச் ஒன்று மேடை லைனில் இருக்க வேண்டும். இவ்வளவையும் ஒரு வகுப்பில் படம் வரைந்து ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடலாம். ஆனால் விழாக் குழுவினர் சீக்கிரம் பாட்டைப் போடச் சொல்லி அவசரப்படுத்தும்போது மீட்டரை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் சுவிட்சைப் போடுவேன் என்று நிற்கும் பழக்கம் வேலையில்தான் வரும்.

அடுத்து ஸ்பீக்கர். 8 ஓம் பெட்டி இரண்டை இணையாக மாட்டினால் ஆம்ப் பார்க்கும் சுமை 4 ஓம். மூன்றாவதையும் சேர்த்தால் ஏறத்தாழ 2.7 ஓம். ஓம் குறையக் குறைய ஆம்ப் அதிகக் கரண்ட் தள்ள வேண்டும். கூட்டம் அதிகம் என்று ஒரு பெட்டியைக் கூடுதலாக மாட்டியதும் பாதிக் கச்சேரியில் ஆம்ப் சூடாகி நின்றுபோவது இதனால்தான். பிறகு லைன் செக்: ஒவ்வொரு மைக்காக, ஒவ்வொரு கருவியாக வருகிறதா என்று பார்ப்பது. தனியாகக் கரண்ட் கேட்கும் கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் கொடுத்தாயிற்றா, கெயின் (மைக் ஒலியை மிக்சருக்குள் ஏற்றும் அளவு) எவ்வளவு, பாடகர் மெதுவாகப் பேசும்போது வைத்த கெயின் உச்சஸ்தாயியில் உடையுமா என்று யோசிப்பது. மைக் கூவத் தொடங்கும்போது வால்யூமைக் குறைப்பது எல்லோருக்கும் தெரியும். எந்த அலைவரிசை கூவுகிறது என்று காதால் பிடித்து அதை மட்டும் ஈக்யூவில் (ஒலியின் தன்மையைத் திருத்தும் பகுதி) குறைப்பவர்தான் வேலைக்காரர். இதைப் பிடிக்கக் காது பழக மாதங்கள் ஆகும். 250 ஹெர்ட்ஸ் கூடினால் குரல் மந்தமாகி உள்ளே புதையும், 3,000 ஹெர்ட்ஸ் கூடினால் காதைக் குத்தும் என்று தினம் கேட்டுக் கேட்டுத்தான் மனதில் பதிய வேண்டும்.

நம் ஊருக்கென்று சில பாடங்கள் உண்டு. கடலூர் சில்வர் பீச்சிலோ புதுவைக் கடற்கரைச் சாலையிலோ திறந்த வெளியில் மேடை போட்டால் சுவரில் பட்டுத் திரும்ப ஒன்றும் இல்லை. ஒரு பெட்டியிலிருந்து தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். மாலையில் கடற்காற்று எழுந்ததும், காற்றுக்கு எதிர்த்திசையில் போகும் ஒலி மேல்நோக்கி வளைந்துவிடும். பின்வரிசையில் கேட்கவில்லை என்று முன்னால் ஏற்றினால் முதல் வரிசைக்காரர்கள் காதைப் பொத்துவார்கள். நடுவில் இன்னொரு ஜோடிப் பெட்டி வைத்து, மேடை ஒலி வந்து சேரும் நேரத்துக்கு அதைத் தாமதப்படுத்த வேண்டும். நம் வெயிலில் ஒலி 35 மீட்டர் போக ஏறக்குறைய பத்தில் ஒரு நொடி ஆகும், அந்தக் கணக்கில் தாமதம் கொடுத்தால் குரல் மேடையிலிருந்தே வருவதுபோல் இருக்கும். உப்புக் காற்று கனெக்டர்களை அரித்துவிடும் என்பதால் மாதம் ஒரு முறையாவது எல்லா முனைகளையும் துடைத்துச் சோதிக்க வேண்டும். இதைச் செய்யாத சவுண்ட் சர்வீஸில் தம்பி சேர வேண்டாம். அப்புறம் நாதஸ்வரமும் தவிலும். இவை தானாகவே மண்டபத்தை நிரப்பும் கருவிகள். திருவந்திபுரம் கோயிலில் முகூர்த்த நாளில் ஒரே நேரத்தில் எத்தனை கல்யாணம் நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்தச் சத்தத்தில் நாதஸ்வரத்தின் அனசுக்கு (விரிந்த கீழ்முனை) நேரே மைக்கை நீட்டினால் கத்தலாகத்தான் வரும். கொஞ்சம் தள்ளி, சற்றுச் சாய்த்து வைத்தால்தான் விரல் துளைகளிலிருந்து வரும் ஒலியும் சேர்ந்து முழு நாதம் கிடைக்கும். இதையெல்லாம் சொல்லித்தரும் வெளிநாட்டுப் பாடத்திட்டம் எதையும் நான் பார்த்ததில்லை. சென்னை நிறுவனங்கள் பலவும் அப்படிப்பட்ட பாடத்திட்டத்தை எடுத்துத்தான் நடத்துகின்றன.

ஆட்களோடு பழகுவதும் பயிற்சியில் சேர்ந்ததுதான். 'என் குரல் எனக்கே கேட்கவில்லை' என்று பாடகர் சொன்னால் அவருடைய மானிட்டரில் அவர் குரலை ஏற்றுவதற்கு முன், அதில் கீபோர்டு எவ்வளவு போகிறது என்று பார்த்துக் குறைக்கத் தெரிய வேண்டும். இரவு 10 மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் இருக்கிறது. பண்டிகை நாட்களுக்கு அரசு தளர்வு கொடுத்தாலும் நள்ளிரவு 12 மணி வரைதான், அதுவும் ஆண்டுக்கு 15 நாளுக்கு மேல் கிடையாது. விழாக் குழு இன்னும் இரண்டு பாட்டு என்று கேட்கும், போலீஸ் நிறுத்தச் சொல்லும். நடுவில் நிற்பது சவுண்ட் ஆள்தான். அங்கே கோபப்படாமல் பேசுகிறவருக்கு அடுத்த ஆண்டும் அழைப்பு வரும்.

ஸ்டுடியோ வேலையின் தன்மை வேறு. அங்கே சத்தத்தைவிட ஒழுங்குதான் முக்கியம். ஒரு பாடகி ஒன்பது முறை பாடியிருப்பார். அதில் எந்த வரி எந்த டேக்கில் நன்றாக விழுந்தது என்று அவர் பாடும்போதே குறித்துக்கொள்ளத் தெரிய வேண்டும். ஃபைலுக்கு இன்னொருவர் திறந்தாலும் புரிகிற பெயர் வைப்பது, எல்லா டிராக்கையும் பாட்டின் தொடக்கப் புள்ளியிலிருந்தே ஏற்றுமதி செய்வது, ஒரே நாளில் இரண்டு டிரைவில் நகல் எடுப்பது என்று பார்ப்பதற்குச் சலிப்பான வேலைகள்தான் முதல் ஒரு வருடம் முழுக்க வரும். சினிமாவுக்கு என்றால் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதிவு செய்வது வழக்கம். இதெல்லாம் வீட்டிலேயே பழகக்கூடியது. ரீப்பர் என்கிற ஒலிப்பதிவு மென்பொருளை 60 நாள் முழு வசதியோடு இலவசமாக ஓட்டிப் பார்க்கலாம். தனிநபர் உரிமமும் மற்றவற்றோடு பார்த்தால் மலிவு. ப்ரோ டூல்ஸ் என்ற இன்னொரு மென்பொருள் தெரிந்தால்தான் வேலை என்று யாராவது சொன்னால், சினிமா மிக்சிங் பக்கத்துக்கு அது ஓரளவு உண்மை. ஆனால் ஒன்றில் கை தேர்ந்தவர் அடுத்ததைச் சில வாரங்களில் பிடித்துவிடுவார். அறையைப் பற்றி ஒரு வார்த்தை: முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டினால் தாழ்ந்த ஒலிகளின் தொல்லை குறையாது. பணம் இருந்தால் மூலைகளில் கனமான ராக்வுல் (கல் இழைப் பஞ்சு) அடுக்குகளை வையுங்கள்; இல்லாவிட்டால் துணி அலமாரியும் மெத்தையும் இருக்கிற படுக்கையறையில் பதிவு செய்யுங்கள்.

தம்பி சர்ச்சில் வாசிப்பதை நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அதைப் பெரிய மூலதனமாகப் பார்க்கிறேன். பாடகருக்கு ஏற்ற சுருதிக்கு அந்த இடத்திலேயே மாற்றி வாசிப்பது, குழு தவறினால் பிடித்துக்கொண்டு போவது, ஞாயிறுதோறும் தவறாமல் வந்து நிற்பது எல்லாம் பெரிய டிப்ளமோக்களில்கூடக் கிடைக்காத பயிற்சி. அதோடு நொட்டேஷன் (எழுதிய இசைக்குறிப்பு) படிக்கத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் டிரினிட்டி காலேஜ் லண்டன் நடத்தும் கிரேடு தேர்வுகளுக்குத் தயார் செய்யட்டும். தொடக்க நிலைக்குப் பிறகு 8 கிரேடுகள் உண்டு. நடுத்தர கிரேடு முடித்தவருக்குப் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுத்துக் கையில் கொஞ்சம் வருமானம் பார்க்க முடியும். புதுச்சேரியிலும் கடலூரிலும் இதற்குப் பெற்றோர் தேடி வருகிறார்கள்.

நம் வட்டாரத்திலேயே குறைந்த செலவில் கிடைப்பவற்றைச் சொல்கிறேன். கடலூரில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, வயலின், மிருதங்கம், நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம் போன்றவற்றை மூன்று ஆண்டுகளில் கற்றுத்தருகிறார்கள், கட்டணம் மிகக் குறைவு. கீபோர்டு வாசிக்கிற பையன் அங்கே மிருதங்கமோ குரலிசையோ கற்றுக்கொண்டால் தாளமும் சுருதியும் உள்ளே இறங்கும். அது இல்லாமல் மிக்சிங்கில் உட்கார்ந்தால் பாடகர் சொல்வது பாதிதான் புரியும். பட்டமே வேண்டுமென்றால் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இசைத்துறை இருக்கிறது. 1929-இல் தொடங்கிய இசைக்கல்லூரியின் வழிவந்தது, தமிழிசை இயக்கத்தின் தாய்வீடு. புதுச்சேரிப் பக்கம் அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அங்கே இடம் எப்படி என்று நேரில் போய்க் கேளுங்கள், கடலூரிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. இவை மூன்றும் இசையைக் கற்பிக்கும் இடங்கள். ஒலிப்பதிவுத் தொழிலை அங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

ஒலிப்பதிவையே முறையாகப் படிக்க ஆசை என்றால், எந்தத் தனியார் நிறுவனத்துக்கும் முன்னால் தரமணியில் இருக்கும் தமிழ்நாடு அரசு எம்.ஜி.ஆர். திரைப்படக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடச் சொல்வேன். பிளஸ் டூவுக்குப் பிறகு நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பாக ஒலிப்பதிவுப் பிரிவு அங்கே இருக்கிறது. கட்டணம் தனியாரோடு ஒப்பிடவே முடியாத அளவு குறைவு. இடங்கள் கொஞ்சம்தான், போட்டி உண்டு. பிளஸ் டூவில் என்ன பாடம் எடுத்தார் என்பதையும் பார்ப்பார்கள், ஆகவே தகவல் குறிப்பேட்டை முதலில் வாசியுங்கள். புனே திரைப்படக் கல்லூரியிலும் கொல்கத்தாவின் சத்யஜித் ரே நிறுவனத்திலும் ஒலிப்பதிவு, ஒலி வடிவமைப்புக்குத் தனிப் படிப்பு உண்டு. ஏதாவது ஒரு பட்டம் முடித்த பிறகுதான் அங்கே போக முடியும். தம்பி இயற்பியலில் பி.எஸ்சி. படித்துக்கொண்டே வார இறுதிகளில் சவுண்ட் சர்வீஸில் வேலை பார்த்தால் மூன்று ஆண்டுகளில் அந்தக் கதவும் திறந்திருக்கும். என் தம்பியாக இருந்தால் இந்த வழியைத்தான் சொல்லியிருப்பேன். இது என் கருத்து, எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்லமாட்டேன்.

தனியார் படிப்புகள் எல்லாம் வீண் என்று நான் சொல்லவில்லை. சென்னையில் ஏ.ஆர். ரஹ்மான் 2008-இல் தொடங்கிய இசைப் பள்ளி போன்ற இடங்களில், கூடப் படிக்கும் திறமைசாலிகளின் நட்புக்காகவே போகலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த நட்புகள் பிற்காலத்தில் வேலை கொண்டுவருவதும் உண்மை. ஆனால் நீங்கள் பெயர் சொல்லாமல் குறிப்பிட்ட நிறுவனத்துக்கு நேரில் போய்ச் சில விஷயங்களைப் பாருங்கள். ஒரு வாரத்தில் ஒரு மாணவர் தனியாக மிக்சர் முன் எத்தனை மணி நேரம் உட்காருகிறார், ஒரு வகுப்பில் எத்தனை பேர்? இருபது பேர் சுற்றி நிற்க ஆசிரியர் ஒருவரே மிக்சரின் ஃபேடரைத் தள்ளினால் அதைச் செய்முறைப் பயிற்சி என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். ஆசிரியர் இப்போதும் துறையில் வேலை பார்க்கிறாரா என்று கேளுங்கள். போன ஆண்டு முடித்தவர்களில் நீங்களே தேர்ந்தெடுத்த நான்கு பேரிடம் பேச விடுவார்களா என்று கேளுங்கள். அவர்களாகப் பொறுக்கிக் கொடுக்கும் நான்கு பேர் வேண்டாம். அவர்களிடம் எங்கே வேலை என்பதோடு சம்பளம் உண்டா என்றும் கேளுங்கள். சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்பை வேலைக் கணக்கில் சேர்ப்பது இந்தத் துறையில் சாதாரணம். வேலை நிச்சயம் என்பதை எழுத்தில் கேட்டால் பெரும்பாலும் பேச்சு 'உதவி செய்வோம்' என்று மாறும். அதிலேயே உங்களுக்குப் பதில் கிடைத்துவிடும்.

வருமானம் பற்றி நேராகச் சொல்கிறேன். முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் நாள் கூலியும் சாப்பாடும்தான். தை முதல் ஆவணி வரை கல்யாணமும் திருவிழாவும் கைநிறைய இருக்கும். ஆடியில் கல்யாணம் நின்றாலும் அம்மன் கோயில்கள் ஈடுகட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்தவெளிக் கச்சேரிகள் நின்றுவிடும். 2011 டிசம்பரில் வந்த தானே புயலுக்குப் பிறகு கடலூரில் நிலைமை எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே மழைக்காலத்தில் எடிட்டிங், டிராக் வேலை, கீபோர்டு வகுப்பு என்று இரண்டாவது வருமானம் ஒன்று இருந்தே ஆக வேண்டும். மேடை ஒன்றை மட்டும் நம்பிய நல்ல திறமைசாலிகள் நான்காம் ஆண்டில் வேறு வேலைக்குப் போனதை வருத்தத்தோடு பார்த்திருக்கிறேன். தொழில் அவர்களைக் கைவிடவில்லை, அந்த மழைக்கால இடைவெளிதான் அவர்களைத் தள்ளியது.

காதைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் பாதுகாப்பு என்பது அமெரிக்காவின் தொழில்சார் உடல்நல நிறுவனத்தின் பரிந்துரை. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் வெறும் 15 நிமிடம். நம் மேடைகளில் 100 என்பது சாதாரணம். போன கேள்திறன் திரும்பாது. தம்பி வேலைக்குப் போகும் முதல் நாளே இசைக்கலைஞர்களுக்கான காது அடைப்பான் ஒரு ஜோடி வாங்கிக் கொடுங்கள். முதலாளி கேலி செய்தாலும் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

அவர் சொந்தமாகப் பாட்டுப் போடுகிறார் என்பதால் உரிமை பற்றியும் கொஞ்சம். மெட்டும் பாடல் வரியும் எழுதியவருக்கு உரியவை, பதிவு செய்யப்பட்ட ஒலி பெரும்பாலும் பணம் போட்டவருக்கு உரியது, இரண்டும் தனித்தனி. 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தில் வந்த திருத்தத்தின்படி, படத்துக்கோ ஆல்பத்துக்கோ எழுதிய பாட்டின் மற்ற பயன்பாடுகளிலிருந்து வரும் ராயல்டியில் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் உள்ள பங்கை யாருக்கும் எழுதிக்கொடுத்துவிட முடியாது; வாரிசுகளும் பதிப்புரிமைச் சங்கமும்தான் விதிவிலக்கு. அந்தப் பணத்தை வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் என்ற சங்கம் 1969 முதல் இருக்கிறது. முதல் பாட்டு வெளியானதும் உறுப்பினராகச் சொல்லுங்கள். முழு உரிமையும் எங்களுக்கே என்று யாராவது தாளை நீட்டினால், அவசரம் என்றாலும் ஓர் இரவு வீட்டில் வைத்துப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும்.

உறுதியில்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். செயற்கை நுண்ணறிவு டிராக் போடும் வேலையை எவ்வளவு எடுத்துக்கொள்ளும் என்பதில் துறைக்குள்ளேயே ஆளுக்கொரு கருத்து இருக்கிறது. குரலிலிருந்து இரைச்சலை நீக்குவது, பழைய பதிவில் குரலையும் வாத்தியத்தையும் பிரிப்பது போன்றவற்றை மென்பொருள் ஏற்கனவே நன்றாகச் செய்கிறது, நானும் பயன்படுத்துகிறேன். விளம்பரத்துக்கான சின்னச் சின்ன இசைத் துணுக்குகளின் கூலி இறங்கும் என்று நினைக்கிறேன். மேடையில் எர்த் பார்ப்பதும், பாடகரின் பயத்தைப் போக்குவதும் ஆள் கையில்தான் இருக்கும். வெறும் டிராக் போடுவதை மட்டும் சொல்லித்தரும் படிப்புக்குப் பெரிய தொகை கட்டத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, இந்த ஒரு வருடம் என்ன செய்யலாம்? நல்ல சவுண்ட் சர்வீஸ் ஒன்றில் பெட்டி தூக்கும் வேலையிலிருந்தே சேரட்டும். டிஜிட்டல் மிக்சர் வைத்திருப்பவர், கரண்ட் விஷயத்தில் கவனமாக இருப்பவர் என்று பார்த்துச் சேருங்கள். சிவராத்திரியை ஒட்டிச் சிதம்பரத்தில் 1981 முதல் நடக்கும் நாட்டியாஞ்சலிக்குப் போய், நட்டுவாங்கத் தாளமும் மிருதங்கமும் சலங்கையும் ஒலிபெருக்கியில் எப்படி வருகின்றன என்று மிக்சர் பக்கத்தில் நின்று கேட்கட்டும். ஜூன் 21-இல் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களின் இசைத் திருநாள் நடக்கும். இங்கே உள்ள இளம் குழுக்கள் அத்தனையையும் ஒரே மாலையில் பார்க்கலாம், அவர்களுக்கு எப்போதும் ஆள் தேவை. ஆரோவில் பக்கம் கோட்டக்கரையில் ஸ்வரம் என்ற இசைக்கருவிப் பட்டறை இருக்கிறது. கருவி செய்வதில் ஆர்வம் இருந்தால் ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். வீட்டில் மாதம் ஒரு பாட்டை முழுதாகப் பதிவு செய்து, மிக்ஸ் செய்து முடிக்க வேண்டும். அரைகுறையாக இருபது வேண்டாம். அந்தப் பாடகர் குழுவையே பதிவு செய்தால் போதும், இருபது குரலைச் சமன் செய்வது கடினமான பாடம்.

வருட முடிவிலும் அந்த டிப்ளமோதான் வேண்டும் என்று அவர் சொன்னால், அப்போது எதைக் கற்கப் போகிறார் என்று தெரிந்து போவார், கட்டலாம். அப்போதும் மொத்தத் தொகையை ஒரே தவணையில் கட்டாதீர்கள். வங்கியில் கல்விக் கடன் கேட்டுப் பாருங்கள். அங்கீகாரம் இல்லாத படிப்பு என்று வங்கி மறுத்தால் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். நிறுவனமே ஏற்பாடு செய்து தரும் மாதத் தவணைக் கடனில், பையன் பாதியில் நின்றுவிட்டாலும் கடன் நிற்காது, அப்பா பெயரில் ஓடிக்கொண்டே இருக்கும். இடையில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை முத்திரையோடு எழுதி வாங்குங்கள். அசல் மதிப்பெண் சான்றிதழைக் கொடுத்துவிட்டு வராதீர்கள், நகல் போதும்.